மூன்று விளக்குகள் சற்று நேரத்தில் புறப்படும்

என் அக்காவின் குரலைக் கேட்காத காது இந்த ஊரில் கிடையாது. முகம்தான் யாருக்கும் தெரியாது. பேருந்து நிலையத்து மாடியில் ஒரு சின்ன அறை. மூன்று பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் கதவு. உள்ளே ஒரு மேசை, ஒரு மைக், சுழல மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஒரு சுழல் நாற்காலி. அங்கே உட்கார்ந்துகொண்டு அவள் "பயணிகளின் கவனத்திற்கு" என்று தொடங்கினால், வாய்க்குக் கொண்டுபோன பன்னைக்கூட அந்தரத்தில் நிறுத்திவிட்டு ஆட்கள் காதைக் கொடுப்பார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தப் பன்னை விற்றவள் நான். நான்காம் நடைமேடைக்கு எதிரே தகரக் கூரை போட்ட டீக்கடை என்னுடையது.

அக்காவிடம் ஒரு பிடிவாதம் உண்டு. கண்ணால் பார்க்காத எதையும் சொல்ல மாட்டாள். "சாப்பாடு ஆச்சா?" என்று அத்தான் கேட்டால், சமைத்தவளே அவள்தான் என்றாலும், அடுப்படிக்குப் போய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்துதான் "ஆச்சு" என்பாள். ஒரு தடவை நான் போன் போட்டு, அத்தான் இருக்கிறாரா என்று கேட்டேன்.

"குளியலறைல தண்ணி சத்தம் கேக்குது. அவருதானான்னு தெரியல."

"வேற யாருக்கா இருக்கப் போறாங்க உன் வீட்ல?"

"இரு, வெளிய வரட்டும். பாத்துட்டுச் சொல்றேன்."

இப்படிப்பட்டவளோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தும் அத்தானுக்கு ஒரு மாலை போடலாம். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறார். லென்ஸ் தேய்த்து சட்டத்தில் பொருத்திக் கொடுப்பது அவர் வேலை. ஊரார் கண்ணையெல்லாம் சரிசெய்கிற மனுஷனுக்கு, வீட்டில் இருந்த நல்ல கண்ணால்தான் தலைவலி வந்தது.

அந்தப் பிடிவாதம் பிறவியிலேயே வந்தது அல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கீழேயிருந்து நேரக்காப்பாளர் போனில் சொன்னதை நம்பி, மருத்துவமனை வண்டி மூன்றாம் நடைமேடைக்கு வந்துள்ளது என்று அறிவித்துவிட்டாள். வண்டி வரவில்லை. பாதி வழியில் படுத்துவிட்டது. அந்த அறிவிப்பைக் கேட்டு, வேறொரு வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், நடக்க முடியாத கணவரைத் தோளில் தாங்கிக்கொண்டு இறங்கியிருக்கிறாள். இறங்கிய வண்டியும் கிளம்பிப் போய்விட்டது. அம்மாள் மாடியேறி வந்தாள். திட்டவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று, "நீங்க பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று அக்கா சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு, வண்டியின் எண் பலகையைத் தன் கண்ணால் படிக்காமல் ஓர் அறிவிப்புகூடச் செய்ததில்லை. நேரக்காப்பாளர் கீழே நின்று தொண்டை கிழியக் கத்துவார். இவள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி வைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பாள். அந்தக் கண்ணாடியில் ஓர் இடத்தில் மட்டும் எப்போதும் ஒரு மூக்கு அடையாளம் இருக்கும். எத்தனை தரம் துடைத்தாலும் மறுநாள் வந்துவிடும்.

நிலைய மேலாளருக்கு இது பிடிக்காது. அவருக்கு "ஒரு நிமிஷம்" என்று பெயர். எதைக் கேட்டாலும் "ஒரு நிமிஷம்" என்பார், அந்த நிமிஷம் முடிவதற்குள் நம் பாதி நாள் போய்விடும். ஆனால் அக்கா வண்டிக்காகக் காத்திருந்தால் மட்டும் அவருக்குப் பொறுக்காது. அட்டவணையில் ஒரு நேரம் போட்டிருந்தால் அந்த நேரத்துக்கு அறிவிப்பு போய்விட வேண்டும், வண்டி அதன் சௌகரியத்துக்கு வரட்டும் என்பது அவர் கட்சி. இதற்காகவே தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் இயந்திரம் வந்து அவர் அறையில் பெட்டியோடு கிடந்தது. அக்காவையே ஒரு குளிர் அறையில் உட்கார வைத்து, "துறைமுகம்", "சந்தை", "மருத்துவமனை", "வந்துள்ளது", "புறப்படும்", "ரத்து" என்று துண்டு துண்டாகப் பேசச் சொல்லிப் பதிந்து வைத்திருந்தார்கள். நீ லீவு போடும் நாளுக்கு உதவும் என்று சொன்னார்கள். லீவே போடாதவளிடம் சொன்னார்கள். எனக்கு அப்போதே மூக்கு வியர்த்தது.

இனி விளக்குக்கு வருகிறேன்.

இருட்டத் தொடங்கியிருந்த நேரம். வேலை விட்டு வீடு திரும்பும் கூட்டம் முழுக்க நிலையத்தில் நெருக்கியடித்தது. என் அடுப்பில் பால் பொங்கும் பதத்தில் இருந்தது. அப்போதுதான் அக்காவின் கண் பணிமனைத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே போயிருக்கிறது. பிற்பாடு அவள் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன், நான் ஒன்றும் கூட்டவில்லை.

"மூணு விளக்குடி. பால் தூக்கலா போட்ட டீ இருக்கே, அந்த நிறம். சத்தமே இல்ல. கிழக்கேருந்து வந்து, ஒண்ணுக்கொண்ணு சமமா, வரிசை பிசகாம நின்னுச்சு. நம்ம வண்டி ஒண்ணாவது என்னிக்காவது அப்படி நின்னுருக்கா? முதல்ல கண்ணாடில நம்ம ட்யூப்லைட்டு பிரதிபலிக்குதோன்னு அத அணைச்சுப் பாத்தேன். அப்பவும் இருந்துச்சு. கதவத் திறந்து வெளிய போய் நின்னு பாத்தேன். இருந்துச்சு. அப்புறந்தான் வந்து மைக்கப் போட்டேன்."

வேறு யாராக இருந்தாலும் "ஐயோ, அங்க பாருங்க" என்று அலறியிருப்பார்கள். என் அக்காவுக்கு மைக் முன்னால் அலறத் தெரியாது. அத்தனை வருஷம் ஒரே தடத்தில் ஓடிய நாக்கு, அன்றும் அதே தடத்தில் ஓடியது.

"பயணிகளின் கவனத்திற்கு. கிழக்கிலிருந்து வந்த மூன்று விளக்குகள், பணிமனைத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வந்துள்ளன. சற்று நேரத்தில் புறப்படும்."

அந்த "சற்று நேரத்தில் புறப்படும்" எதற்கு என்று நான் அவளிடம் சண்டையே போட்டிருக்கிறேன். "வந்துள்ளதுன்னு ஒண்ணு சொன்னா, அடுத்தது புறப்படும்னு சொல்லித்தான ஆகணும்? பாதியில விட முடியுமா?" என்று என்னைத் திருப்பிக் கேட்டாள்.

நிலையமே எழுந்து ஓடியது. பாதிப் பேர் வானத்தைப் பார்க்க ஓடினார்கள். மீதிப் பேர் வரிசையில் இடம் பிடிக்க ஓடினார்கள். ஒரு பெரியவர் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே தன் தகரப் பெட்டியை வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, "இது கடற்கரை வழியா போகுமா, சுத்திக்கிட்டுப் போகுமா?" என்று விசாரித்தார். ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு என்னிடம் வந்து அரை டிக்கெட் உண்டா என்று கேட்டாள். நேரக்காப்பாளர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, அனுமதி இல்லாமல் நிற்கும் வண்டி எது என்று தேடிக்கொண்டிருந்தார்.

நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கூரைக்கு வெளியே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு விளக்கு அணைந்ததாம். மற்ற இரண்டும் வந்த வழியே போகாமல் மேலே ஏறி மறைந்தனவாம். நான் பார்த்தது வெறும் வானம். பார்த்தேன் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இதில் என்ன பெருமை என்று கேட்காதீர்கள், மற்றவர்கள் செய்ததைக் கேட்ட பிறகு சொல்லுங்கள்.

மறுநாள் என் கடையில் உட்கார இடமில்லை. பார்த்தவர்கள், பார்த்தவர்களைப் பார்த்தவர்கள், அந்தப் பக்கமே வராதவர்கள் என்று எல்லோரும் சாட்சி. துறைமுக வண்டி ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். வாய் ஓயாததால் அவரை "ஹாரன்" என்றே கூப்பிடுவார்கள். அவர் காலையில் மூன்று விளக்கு பார்த்தார். மத்தியானம் ஐந்து பார்த்தார். சாயங்காலம் ஏழு விளக்கும் ஒரு ஏணியும் பார்த்தார்.

"ஏணில யாரும் இறங்கலையா அண்ணே?" என்று கேட்டேன்.

"ஒருத்தன் கால வெச்சான் தங்கச்சி. என்னப் பாத்ததும் ஏறிட்டான்."

சம்பவ நேரத்தில் அவர் தன் வண்டியின் பின் இருக்கையில் படுத்து விட்ட குறட்டை என் கடை வரை கேட்டது. சொல்லவா முடியும்? வாடிக்கையாளர். டீயை ஆற்றிக் கொடுத்தேன்.

பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து ஹாரனைப் படம் எடுத்துக்கொண்டு போனார். படத்தில் ஹாரன் வானத்தைச் சுட்டிக் காட்டியிருந்தார். அக்காவை யாரும் படம் எடுக்கவில்லை. மாடியில் ஓர் ஆள் இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தோன்றவில்லை. அந்தக் குரல் தானாக வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்களோ என்னவோ.

பத்திரிகையில் வந்ததும் தலைமை அலுவலகத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. விளக்கு போன பிறகு விளக்கம் கேட்டு ஓர் அதிகாரி வந்தார். அவர் வானம் இருக்கும் திசைக்கே தலையைத் திருப்பவில்லை. விளக்கு எப்படி இருந்தது, எங்கே போனது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அட்டவணையில் இல்லாத ஒன்றை அறிவித்தது ஏன் என்பதுதான் அவர் கேள்வி. புகாரும் ஒன்று வந்திருந்தது. தகரப் பெட்டிப் பெரியவர் கொடுத்தது. முறைப்படி வரிசையில் முதல் ஆளாக நின்றும், தன்னை ஏற்றாமலேயே புறப்பட்டுப் போய்விட்டது என்று அதில் கண்டிருந்தது.

சாட்சிகளைக் கூப்பிட்டார் அதிகாரி. அடடா, அப்போது பார்க்க வேண்டுமே எங்கள் ஆட்களை. ஒருவர் பின் ஒருவராக ஜகா வாங்கினார்கள்.

"நான் டயர்ல காத்து பாத்துட்டு இருந்தேங்க," என்றார் ஹாரன்.

"ஏழுன்னு பேப்பர்ல வந்துருக்கே?"

"அது டயர் எண்ணிக்கைங்க."

நேரக்காப்பாளருக்குக் கழுத்து வலியாம். ஆறு மாதமாக மேலே பார்ப்பதே இல்லையாம். டிக்கெட் கொடுக்கிறவர், தான் பார்த்தது உண்மைதான், ஆனால் மற்றவர்கள் பார்த்ததால்தான் பார்த்தேன் என்று மழுப்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தின நாள் வரை என் பெஞ்சியில் உட்கார்ந்து வாய் கிழிய அளந்தவர்கள். ஒருத்தனாவது "மூணு விளக்கு இருந்தது சார்" என்று சொல்லியிருந்தால் அக்காவுக்குத் துணையாக இருந்திருக்கும். என்னைக் கேட்டபோது நான் பார்க்கவில்லை என்றேன். உண்மையைச் சொன்ன நானும், புளுகிய அவர்களும் கொடுத்த பதில் ஒன்றாகவே இருந்ததுதான் என் வயிற்றெரிச்சல்.

அதிகாரி போனதும் "ஒரு நிமிஷம்" அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பெட்டியில் கிடந்த இயந்திரம் அவர் மேசைமேல் ஏறியிருந்தது.

"ரெண்டு வழிதாம்மா. கண்ணுல கோளாறுன்னு ஒரு சான்று கொண்டா, உடம்பு சரியில்லாம நடந்ததுன்னு முடிச்சுடலாம். இல்லேன்னா, விளக்கு எதுவும் வரலை, தவறுதலா அறிவிச்சுட்டோம்னு மைக்கிலயே ஒரு வாட்டி சொல்லிடு. ரெண்டும் முடியாதுன்னா இந்த மிஷின மாட்டிடுவேன். உன்னோட குரல்தான் அதுல இருக்கு, ஊருக்கு வித்தியாசம் தெரியாது."

முதல் வழிக்கு அத்தானைப் பிடித்தோம். அவர் கடையிலிருந்து சோதனைக் கண்ணாடியும் எழுத்து அட்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கூடத்துச் சுவரில் அட்டையை மாட்டி, அக்காவை எதிர்ச் சுவரோரம் நிறுத்தினார். அவள் மேல் வரியிலிருந்து கடகடவென்று படித்தாள். கடைசி வரியையும் படித்தாள். அதற்கும் கீழே, அட்டையை அச்சடித்தவர்கள் பொடி எழுத்தில் போட்டிருந்த முகவரியையும் படித்துவிட்டு, "இதுல ஒரு எழுத்துப் பிழை இருக்கு" என்றாள்.

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இப்படி ஒரு கண்ண வெச்சுக்கிட்டு நான் என்னத்த எழுதிக் கொடுக்கறது?"

பிறகு அவரே மெதுவாகச் சொன்னார். "ஒரே ஒரு வாட்டி பாக்கலேன்னு சொல்லிடேம்மா. விளக்கா வந்து உன்னக் கேக்கப் போகுது? வேலை போச்சுன்னா நீ வீட்ல உக்காந்து என்ன பண்ணுவ? எனக்கு அதுதான் பயமா இருக்கு."

"பாக்கலேன்னு சொல்லிட்டு, நாளைக்கு மருத்துவமனை வண்டி வந்துருச்சுன்னு சொன்னா அத யாருங்க நம்புவா?"

"எல்லாரும் நம்புவாங்க. எவன் இதெல்லாம் யோசிக்கிறான்?"

"நான் யோசிப்பேன்ல," என்றாள் அக்கா. அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். அத்தான் எழுத்து அட்டையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் அதிகாரி மறுபடி வந்து, தன் காதால் கேட்க வேண்டும் என்று கீழே நடுக்கூடத்தில் நின்றுகொண்டார். மேலாளர் சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதி அக்காவின் மேசையில் வைத்துவிட்டு அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அக்கா முதலில் கண்ணாடி வழியாகத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள். கதவைத் திறந்து வெளியே போய், நாலு பக்கமும் பார்த்தாள். திரும்பி வந்து மைக்கைப் போட்டாள்.

"பயணிகளின் கவனத்திற்கு. பணிமனைத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வந்து சென்ற மூன்று விளக்குகள், இன்று ரத்து செய்யப்பட்டுள்ளன. மறு அறிவிப்பு வரும்வரை பயணிகள் காத்திருக்க வேண்டாம். ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்."

நிலையம் முழுவதும் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தது. அதிகாரியும் பார்த்துவிட்டார். பார்த்த பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. என் கடை வாசலில் யாரோ சிரிக்கத் தொடங்க, அது நடைமேடை நடைமேடையாகப் பரவியது. தகரப் பெட்டிப் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. ரத்து என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் மருமகன் வீட்டிலேயே இன்னொரு நாள் இருந்திருப்பேனே என்று அலுத்துக்கொண்டார்.

"இப்படியா சொல்லச் சொன்னேன்?" என்று மேலாளர் கத்தினாராம்.

"இன்னிக்கு வரல சார். பாத்துட்டுத்தான் சொன்னேன்," என்றாளாம் இவள்.

இந்தத் தடவை அவர் ஒரு நிமிஷம் என்று சொல்லவில்லை. அன்று மாலைக்குள் இயந்திரத்தை மாட்டிவிட்டார்கள். அக்காவை வேலையை விட்டு எடுக்கவில்லை, அந்த மட்டுக்கும் அவர்களுக்குத் தாராள மனசு. தரைத்தளத்தில், பயணிகள் தவறவிட்டுப் போகும் பொருள்களை வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை. சுற்றிலும் குடைகள், ஒற்றைச் செருப்புகள், எவரோ மறந்துபோன ஒரு ஊன்றுகோல். அதை மறந்துவிட்டு அந்த ஆள் எப்படி நடந்து போனார் என்று அக்கா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள். விசாரணை முடிந்ததால் ஹாரனுக்கும் நினைவு திரும்பிவிட்டது. விளக்குகள் மறுபடி ஏழாகிவிட்டன.

இயந்திரம் சமர்த்து. வண்டி வந்தாலும் வராவிட்டாலும் அட்டவணை நேரத்துக்கு வாயைத் திறந்துவிடும். குரல் அசல் அக்காவுடையது. துண்டுத் துணியை ஒட்டுப்போட்ட மாதிரி வார்த்தைக்கு நடுவே ஒரு இடைவெளி இருக்கும், உற்றுக் கேட்டால் எனக்குத் தெரியும். வேறு யாரும் உற்றுக் கேட்கவில்லை.

அது பேசத் தொடங்கிய முதல் வாரத்தில் ஒரு மத்தியானம். அக்கா என் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயணிகளின் கவனத்திற்கு. மருத்துவமனை வண்டி. மூன்றாம் நடைமேடைக்கு. வந்துள்ளது."

அக்காவின் தலை தானாக மூன்றாம் நடைமேடைப் பக்கம் திரும்பியது. அங்கே ஒரு நாய் படுத்திருந்தது. வண்டி இல்லை.

நான்காம் நடைமேடையில், மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெரு வழியாகப் போகும் சந்தை வண்டி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஓர் இளம்பெண், காலில் பெரிய கட்டுப் போட்ட அப்பாவைக் கைத்தாங்கலாக இறக்கத் தொடங்கினாள். அக்கா டம்ளரை என் மேசையில் போட்டுவிட்டு ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்ததில்லை. நானும் பின்னாலேயே போனேன்.

"இறங்காதீங்கம்மா. அந்த வண்டி வரல. இதுலயே போங்க, பக்கத்துத் தெருவுல இறங்கிக்கலாம்."

"இப்பதான வந்துருச்சுன்னு சொன்னாங்க?"

"சொன்னாங்கதான். ஆனா வரல. நான் பாத்தேன்."

"நீங்க யாருங்க?"

அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "அந்தக் குரல் என்னோடதுதாம்மா," என்றாள். ஓடி வந்த களைப்பில் அது அவள் குரல் மாதிரியே இல்லை. அந்தப் பெண் அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இவங்களக் கொஞ்சம் கூட்டிட்டுப் போங்களேன் என்பது போல இருந்தது அந்தப் பார்வை. நான் "ஆமாம்மா, இவங்கதான்" என்றேன். என் பேச்சும் எடுபடவில்லை.

கட்டுப்போட்ட காலைப் படியிலிருந்து மெல்லத் தரையில் வைத்தார் அப்பா. சந்தை வண்டி விசில் கேட்டு நகர்ந்தது.

"வழிய விடும்மா," என்றார் அக்காவிடம், மரியாதையாகத்தான். "நாங்க எத்தன வருஷமா இங்கருந்து போய்ட்டு வர்றோம். அந்தம்மா கண்ணால பாக்காம ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க."

அக்கா ஒதுங்கி வழிவிட்டாள்.